தனோவாவின் காது

செமிசியின் வாயைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லக் கம்பாராத் தீவில் ஆள் கிடையாது. எதிரே நின்று கெட்ட வார்த்தை சொல்லவும் ஆள் கிடையாது. சொன்னால் அதைவிட நீளமாக ஒன்று திரும்பி வரும். ஆமை பிடிக்கிற வத்தோவாத் தீவிலிருந்து வந்து, உனைசியைக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி ஊரிலேயே தங்கிவிட்டவன் அவன். அப்படித் தங்கிவிட்ட ஆண்பிள்ளை அடக்க ஒடுக்கமாக இருப்பான் என்றுதான் ஊர் எதிர்பார்த்தது. பாவம் ஊர்.

கம்பாராவில் மண் கொஞ்சம், பாறை அதிகம். அந்தப் பாறை இடுக்கில் வேர்விட்டு வளர்கிற இரும்புமரத்தில்தான் தனோவா செதுக்குவார்கள். விருந்தாளி வந்தாலும், பெண் கேட்டு வந்தாலும், சாவு விழுந்தாலும் யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்க வேண்டும். கரைப்பதற்குக் காலோடு சேர்த்துக் குடைந்த, தனோவா என்கிற அந்தப் பெரிய மரக்கிண்ணம் வேண்டும். மரத்தைக் குடைய யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் தனோவா என்றால் அது கம்பாராவிலிருந்துதான் வர வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் எண்ணம். தலைக்கனம்தான். லெபானி வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அந்தத் தலைக்கனத்தை மன்னித்துவிடுவார்கள்.

லெபானி உனைசியின் அண்ணன், ஆகவே செமிசிக்கு மச்சான். அந்தப் பக்கத்தில் மச்சான்மார் ஒருவரை ஒருவர் வையாமல் இருந்தால்தான் ஏதோ தகராறு என்று ஊர் கவலைப்படும். என்ன பேசினாலும் கோபப்படக் கூடாது, மரியாதையாக ஒரு வார்த்தை வாயில் வரக் கூடாது, பாராட்டு அறவே கூடாது. அண்ணன் தங்கை விஷயம் நேர் எதிர். வயது வந்த பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். உனைசி அண்ணனுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த மீன் கொடுத்தனுப்பினால் புருஷன் கையில் கொடுத்தனுப்புவாள். மீன் நன்றாக இருந்தது என்று லெபானி சொன்னால் அதையும் செமிசிதான் சுமந்துகொண்டு போவான். நடுவில் நின்று இரண்டு பக்கமும் தன் சரக்கைக் கொஞ்சம் சேர்த்துவிடுவது அவனுக்கு வழக்கம்.

செமிசிக்குச் செதுக்க வராது. கல்யாணமான புதிதில் ஒரு முறை ஆசைப்பட்டு ஒரு கிண்ணம் குடைந்தான். லெபானி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆமை எப்போது ஓட்டை விட்டு இறங்கிப் போனது என்று கேட்டான். அந்தக் கிண்ணத்தில் இன்றைக்கும் பன்றி சாப்பிடுகிறது. அதன் பிறகு மரம் இழுப்பது, வாச்சியைத் தீட்டிக் கொடுப்பது, செதுக்கும்போது கட்டையைப் பிடித்துத் திருப்புவது, நாள் முழுக்கப் பேசுவது, இவைதான் செமிசியின் வேலை.

ஆனால் மச்சானின் கைமேல் அவனுக்குப் பைத்தியம். லெபானி தன் பாதத்தை நோக்கித்தான் வாச்சியை வீசுவான். இரும்பு வந்து கட்டைவிரலுக்கு இந்தப் பக்கம் நிற்கும். வெற்றிலை கனத்தில் ஒரு சிராய் சுருண்டு விழும். அடுத்த வீச்சுக்கும் அதே கனம். அளவுகோல் இல்லை, வட்டம் போடக் கயிறு இல்லை. முரட்டுக் கட்டைக்குள்ளே கிண்ணம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே ஒட்டியிருப்பதைத் தட்டி உதிர்க்கிறான், அவ்வளவுதான் என்று தோன்றும். காலையிலிருந்து பார்த்தாலும் செமிசிக்கு அலுக்காது. அலுக்கவில்லை என்று சொல்ல முடியாததால், கிழவி காய்கறி நறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று சொல்வான்.

அந்த வருஷம் தலைமைத் தீவில் புதிய பெருந்தலைவருக்குப் பட்டம் கட்டும் ஏற்பாடு நடந்தது. பட்டத்தன்று அவர் குடிக்கிற முதல் கிண்ணம் யங்கோனா புதுத் தனோவாவிலிருந்துதான் வர வேண்டும். அதைச் செதுக்குகிற உரிமை லெபானியின் குலத்துக்கு. உரிமை என்றால் சாசனம் ஒன்றும் இல்லை. எப்போதும் அவர்கள் செய்து கொடுத்தார்கள், ஆகவே அவர்களுடையது. ஒரு தடவை வேறு யாராவது செய்து கொடுத்தால் அன்றோடு உரிமையும் அவர்களோடு போய்விடும். தீவின் தென்கரை ஊர்க்காரர்கள் ஒரு நல்ல கட்டையைக் குடைந்து, வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று நிழலில் போட்டு வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

லெபானி எடுத்த கட்டை அதைவிடப் பெரியது. இரண்டு கைகளையும் விரித்தால்தான் விளிம்பின் இரு பக்கத்தையும் தொடலாம். முதலில் கவிழ்த்துப் போட்டு வெளிப்பக்கத்தையும் கால்களையும் வெட்டி எடுத்தான். பிறகு நிமிர்த்தி உள்ளே மூன்று விரல் கனம் மிஞ்சும்வரை குடைந்தான். மறுபடி கவிழ்த்து வெளிப்பக்கத்தைச் சீராக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

தனோவாவுக்குக் காது உண்டு. விளிம்புக்குக் கீழே, இரண்டு கால்களுக்கு நடுவில், கிண்ணத்தோடு ஒரே மரமாக விட்டு வைக்கிற முக்கோணக் குமிழ். அதில் துளையிட்டுத் தேங்காய் நார்க் கயிறு கட்டி, கயிற்று நுனியில் வெள்ளைச் சோழி கோத்துத் தலைவரை நோக்கி நீட்டுவார்கள். காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் தலைவர். காது இல்லாத தனோவாவை எந்தத் தலைவர் முன்னாலும் வைக்க முடியாது, அது யாரைப் பார்க்கிறது என்று தெரியாது.

லெபானி காதுக்கு விட்டு வைத்த மேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மேடு இருந்தது. அது உள்ளே வெளுத்த மரம், புழு துளைத்தது, வெட்டி எறிய வேண்டியது; காதுக்கு விட்டதோ உள்ளே சிவந்த வைரம். மேல்பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருந்தன. சாப்பாடு முடிந்து வந்த செமிசி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். காது மேடு அவனைப் பார்த்து இருந்தது. விடுவானா? முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, பெருந்தலைவர் மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தன் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னான்.

"ஆமைக்குப் பட்டம் கட்டுற அளவுக்கு நாடு கெட்டுப்போகல," என்றான் லெபானி. கட்டையைப் பிடித்து அரைவட்டம் திருப்பினான். "பாத்துக்கோ மச்சான், மரத்துக்கே உன் மூஞ்சி பிடிக்கல. முதுகைக் காட்டிருச்சு."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். செமிசி உடனே எழுந்து சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தான். லெபானி மறுபடி திருப்பினான். அவன் மறுபடி எழுந்தான். எத்தனை முறை திருப்பினார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை. சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, லெபானி வாச்சியை எடுத்துத் தன் முன்னால் இருந்த மேட்டைச் சீவ ஆரம்பித்தான். செமிசி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். சிராய் சிவப்பாக விழுவதை இருவருமே பார்த்தார்கள். மேடு முழுவதும் போன பிறகுதான் பார்த்தார்கள்.

லெபானி வாச்சியைக் கீழே வைத்தான். எழுந்து சுற்றி வந்து, மிச்சமிருந்த வெளுத்த மேட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினான். நகம் உள்ளே போனது. கடல் பக்கம் நடந்து போனான்.

செய்தி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் குலப் பெரியவர் மதியுவின் வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மதியு லெபானிக்குப் பெரியப்பா முறை, செமிசிக்கு மாமா. எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டார்.

"கை தவறிப்போச்சு, பெரியப்பா," என்றான் லெபானி.

செமிசி வாயைத் திறந்தான். லெபானி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. இதுவரை தவறாத கை எப்படித் தவறும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். தனியாக ஒரு காது செதுக்கி ஆப்பு வைத்து இறுக்கிவிடலாம், விளிம்புக்குக் கீழே யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். தலைவரின் கயிற்றை ஒட்டுக் காதில் கட்ட மாட்டேன் என்று லெபானி சொல்லிவிட்டான். அந்த அளவுக்கு இன்னொரு மரம் காட்டில் இல்லை, இருந்தாலும் வெட்டி உலர்த்த நாள் இல்லை. கடைசியில் மதியு சொன்னது இதுதான்: ரேடியோவில், தனோவாவை ஏற்றிப்போக வருகிற கப்பல் கிளம்பிவிட்டதாகச் செய்தி வரும்வரை பார்ப்பது, அதற்குள் சரியாகவில்லையென்றால் தென்கரைக்கு ஆள் அனுப்புவது. அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

செமிசி வீட்டுக்கு வந்து சேப்பங்கிழங்கைத் தொடவில்லை. தன் வாய்தான் அந்தக் காதை வெட்டியது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அண்டி வந்த ஊரின் பரம்பரைப் பெருமையை ஒரு மத்தியானத்தில் சிரித்துக் கெடுத்தாயிற்று. அதைவிட மோசம், பழியை மச்சான் தன் கையின்மேல் போட்டுக்கொண்டது. அந்தக் கையின்மேல். நடந்ததை உனைசியிடம் மறைக்காமல் சொன்னான்.

அவள் நீளமாகப் பேசுகிறவள் இல்லை. புருஷன் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசும்போது அவளுக்கு அவசியமும் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் போய் எங்கண்ணன் பக்கத்துல உக்கார முடியாது. உன்னால முடியும்ல? போ."

விடிந்ததும் போனான். லெபானி ஏற்கெனவே அங்கே இருந்தான். தனோவாவைச் சாய்த்து வைத்து ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வெளியேயும் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவன் போலத் தடவிக்கொண்டிருந்தான். செமிசி எதுவும் பேசாமல் பக்கத்தில் குந்தினான். லெபானியே பேசினான்.

"மூணு விரல் கனம் இருக்கு. உள்ளேர்ந்து ரெண்டு விரல் எடுக்கிறதா இருந்தேன். அதை இப்போ வெளியேர்ந்து எடுக்கப்போறேன். சுத்தி எல்லா இடத்துலயும். ஒரு இடத்தை மட்டும் விட்டுடுவேன். அது காது."

செமிசிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. முடிந்துபோன வெளிப்பக்கம் முழுவதையும், ஒவ்வொரு காலும் கிண்ணத்தோடு சேரும் இடத்தையும் விடாமல், மறுபடி செதுக்க வேண்டும். உள்ளேயிருந்து செதுக்கும்போது கனம் கண்ணுக்குத் தெரியும், ஒரு கையை வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வெளியேயிருந்து வெட்டுகிறவனுக்கு உள்ளே என்ன மிச்சம் என்று தெரியாது. ஒரு வீச்சு அதிகமானால் ஓட்டை. அப்புறம் அதுவும் பன்றிக்குத்தான்.

"உள்ள கைய வை," என்றான் லெபானி. "உள்ளங்கைய விரிச்சு, நான் வெட்டுற இடத்துக்கு நேரா. மெலிசானா உனக்குத் தெரியும்."

செமிசி சாய்ந்த கிண்ணத்துக்குள் கையை நுழைத்து மரத்தோடு ஒட்டினான். வாச்சி உயர்ந்தது, இறங்கியது. அடுத்த வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி எங்கோ தூரத்தில் ஒரு அதிர்வு. மறுபடி. மறுபடி. செமிசி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான். கொஞ்ச நேரத்தில் வாச்சி நின்றது.

லெபானி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்த சிராய்கள் ஒன்று தடிப்பாக, ஒன்று மெலிதாகக் கிடந்தன. செமிசி அதை ஒருநாளும் கண்டதில்லை.

"என்னடா மச்சான், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்க? பேசு. நீ பேசாம நான் எந்தத் தனோவாவைச் செஞ்சிருக்கேன்? காதுல உன் சத்தம் இல்லன்னா கைக்கு நிதானம் வர மாட்டேங்குது."

"நான் பேசித்தான—"

"பேசு. எங்க மெலிசாகுதோ அங்க நிறுத்து. நீ நிறுத்தினா நான் நிறுத்துவேன்."

செமிசி பேசினான். முதலில் வார்த்தை தடுக்கியது. காதுக்குப் பதில் உன் கால் கட்டைவிரலை வெட்டி ஒட்டிவிடு மச்சான், தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார் என்றான். வத்தோவாவில் ஆமைக்கே ஓடு இருக்கிறது, உன் வாய்க்கு ஒரு மூடி செய்ய உங்கள் ஊரில் ஆள் இல்லையா என்று லெபானி திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கல்லைத் தின்று கல்லில் படுத்துக் கல்லாகவே போகிற கம்பாராக்காரர்களைப் பற்றி, லெபானி பெண் பார்க்கப் போய்ப் பாயில் தடுக்கி மாமனார் மடியில் விழுந்ததைப் பற்றி, நடந்ததும் நடக்காததும் எல்லாம் வந்தது. பேச்சு ஓட ஓட வாச்சி விழுந்தது. சிராய்கள் மறுபடி ஒரே கனத்தில் சுருண்டன.

பேசிக்கொண்டே செமிசி உள்ளங்கையால் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை காலம் வெளியேயிருந்து பார்த்த கைவேலையை இப்போது உள்ளேயிருந்து பார்த்தான். ஒவ்வொரு அடியும் முந்தைய அடிக்குப் பக்கத்தில், விட்ட இடத்தில் தொட்டு, விழுந்தது. அடுத்த வீட்டுக் கதவு மெல்ல மெல்லத் தன் வீட்டுக் கதவாகிற மாதிரி அதிர்வு நெருங்கி வந்தது. இரும்பின் முனைக்கும் தன் தோலுக்கும் நடுவில் இந்த மனிதனின் நிதானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் கையை எடுக்கத் தோன்றவில்லை. இப்படி ஒரு கை உலகத்தில் இருக்கிறது, அது தன் மச்சானுடையது, அதன் பக்கத்தில் உட்காரத் தனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே லெபானியின் மாமியாரை வம்புக்கு இழுத்தான்.

நாட்கள் அப்படிப் போயின. காது தெரிய ஆரம்பித்தது. சுற்றிலும் மரம் இறங்க இறங்க அது மட்டும் பழைய உயரத்தில் நின்றது, சிவந்த வைரம், ஒரே மரம்.

கடைசிக் கால் கிண்ணத்தோடு சேரும் இடத்தில்தான் அது நிகழ்ந்தது. அங்கே நார் திரும்பியிருந்தது, மரம் முரண்டு பிடித்தது. செமிசி ஒரு நீண்ட கதையின் நடுவில் இருந்தான்; வத்தோவாவில் ஒருவன் ஆமையைப் பிடிக்கப் போய் ஆமை அவனை இழுத்துக்கொண்டு போன கதை. "அவன் பெண்டாட்டி கரையில நின்னு—" என்றவன் நின்றான். உள்ளங்கையில் விழுந்தது அதிர்வு இல்லை, அடி. யாரோ கையிலேயே தட்டின மாதிரி.

அடுத்த வீச்சுக்கு உயர்ந்த வாச்சி அந்தரத்தில் நின்றது. மேலேயே வைத்துக்கொண்டு லெபானி மச்சானின் முகத்தைப் பார்த்தான். பிறகு இரும்பைத் தரையில் வைத்து, அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டிக் கேட்டான். அதன் பிறகு அந்தப் பக்கம் வாச்சி போகவே இல்லை. கண்ணாடிச் சில்லால் மூச்சுக் காட்டாமல் சுரண்டியே முடித்தான்.

கப்பல் கிளம்பிய செய்தி வந்த மறுநாள் மதியு வந்தார். கூடவே ஊரும் வந்தது. தேங்காயெண்ணெய் பூசிய தனோவாவை மணலில் நிறுத்தி விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார்கள். நிழல் நகரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. செமிசி அந்தக் கடைசிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். மதியு முட்டிபோட்டு, அடியில் கையை விட்டு, ஒவ்வொரு காலாகத் தடவி, கையை வெளியே எடுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு காதைப் பிடித்தார். இழுத்தார். ஆப்பு இருக்கிறதா, ஒட்டு இருக்கிறதா என்று நகத்தால் அதன் வேரைச் சுற்றித் தேடினார். காதும் கிண்ணமும் ஒன்றாகவே இருந்தன. அதன்மேல் கையை வைத்தபடி அவர் அப்படியே இருந்தார்.

செமிசிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "மாமா, அன்னைக்கு மச்சானுக்குக் கை தவறல. நான் பண்ணின கூத்துதான்."

"அது தெரியும்டா," என்றார் மதியு. "உன் சத்தம் கரை பூரா கேக்குது. நேத்து நடுவுல நின்னுச்சு பாரு, வலை பின்னிக்கிட்டிருந்தவன்லாம் எழுந்து நின்னுட்டான்."

அன்று மத்தியானம் லெபானி குளிக்கப் போன சமயம் உனைசி வந்தாள். அண்ணன் இருக்கிற இடத்துக்கு அவள் அப்படித்தான் வர முடியும். குனிந்து தனோவாவின் உள்ளே கையை வைத்தாள். கையை வெளியே எடுத்துக் காதைச் சுற்றி ஒரு விரலை ஓட்டினாள். "நல்லா இருக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லிடு," என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கப்பல் வந்து, பாயில் சுற்றிய தனோவாவை ஏற்றிக்கொண்டு, பவளப்பாறையைத் தாண்டிப் போய்விட்டது. கரையிலிருந்தவர்கள் கலைந்தார்கள். லெபானியும் செமிசியும் செதுக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து சிராய்க் குவியலின்மேல் உட்கார்ந்தார்கள். செய்ய ஒன்றும் இல்லை.

"மச்சான், உன் தங்கச்சி ஒண்ணு சொல்லச் சொன்னா," என்றான் செமிசி.

"என்னவாம்?"

இரண்டு வார்த்தைதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். "இந்த மாதிரி ஒரு கைய அவ பாத்ததே இல்லையாம். பக்கத்துல உக்காந்து பாக்குறதுக்கே குடுத்து வச்சிருக்கணுமாம். தப்பு பண்ணினது ஒருத்தன், பழிய ஏத்துக்கிட்டது ஒருத்தன், அதுக்கு எப்படிக் கைமாறு பண்றதுன்னு தெரியலையாம். நீ செதுக்கும்போது அவளுக்கு அழுகையா வருதாம். அது துக்கத்துல இல்லையாம்." நிறுத்திக்கொண்டு ஒரு சிராயை எடுத்துப் பிய்த்தான்.

லெபானி கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தங்கச்சி இவ்வளவு பேச மாட்டாளே."

"சொன்னா. சத்தியமா சொன்னா."

"சரி, சொன்னான்னே இருக்கட்டும்," என்றான் லெபானி. "நானும் ஒண்ணு சொல்றேன், அவகிட்டயே போய்ச் சொல்லு. வாச்சி கைய ஒட்டியே வந்துச்சு, உள்ள இருந்த கை ஒரு தடவைகூடப் பின்னால போகலன்னு சொல்லு. என் கைய நானே அந்த அளவுக்கு நம்பலன்னு சொல்லு. அந்தக் கை இல்லாம அந்தக் காது இல்லன்னு சொல்லு."

"சொல்லிடறேன்," என்றான் செமிசி.

எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தான். வழியில் வலை பின்னுகிறவர்கள், பெருந்தலைவர் மாமா எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கிண்டலாகக் கேட்டார்கள். பதில் வரும் என்று காத்திருந்தார்கள். செமிசி அவர்களைக் கையால் தள்ளுவது போலச் சைகை காட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே போனான்.